கடைசிப் பாட்டுக்கு முன்னால் எழுந்துவிடுகிறவர்

பெரியப்பா முழுசாகப் பார்த்த சினிமா ஒன்றுகூடக் கிடையாது. திரையில் கதாநாயகன் சட்டைக் கையை மடித்துவிட்டால் போதும், இவர் இங்கே வேட்டியை மடித்துக் கட்டிவிடுவார். "தே, எழுந்திரு. கேட்டு போட்ருவான்." வரிசையில் இருக்கிற அத்தனை முழங்காலையும் இடித்துக்கொண்டு, பின்னால் இருப்பவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பெரியம்மா இருட்டில் செருப்பைத் துழாவியபடி அவர் பின்னாலேயே போவாள்.

அவர் சொல்கிற கேட்டு கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். அதற்கு இந்தப் பக்கம் தியேட்டர், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், ராயபுரம், கடல். அந்தப் பக்கம் பெரியப்பா வீடு. துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டி வந்து குறுக்கே நின்றதென்றால், எப்போது நகரும் என்று அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. நானும் அந்தக் கேட்டில் தினமும் நிற்கிறவள்தான். துணி கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி சட்டைகளைச் சரிபார்த்துவிட்டு வந்து, இங்கேயும் நின்று, முன்னால் இருக்கிற லாரியின் புகையைக் குடிக்கும்போது அந்த மனிதரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. நினைத்தால் முதலில் வருவது எரிச்சல். அன்பெல்லாம் அப்புறம்தான் வரும்.

அவர் என் அம்மாவின் அக்கா வீட்டுக்காரர். கன்டெய்னர் லாரி ஓட்டினார். பிள்ளைகள் இல்லை. அதனால் விடுமுறை நாட்களில் என்னைத் தூக்கி பைக்கின் பெட்ரோல் டேங்கில் உட்கார வைத்து எங்காவது கூட்டிப் போவார்கள். எங்கே போனாலும் பாதியில் திரும்பி வருவோம்.

ஒருமுறை அப்படித் தியேட்டரிலிருந்து திரும்பி வந்து கேட்டைத் தாண்டியதும் ஒரு டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். நிறுத்தியதும் இறங்கவில்லை. வண்டியைத் திருப்பி, வந்த பக்கமே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. கேட் இறங்கியது. அந்தப் பக்கம் சைக்கிளும் ஆட்டோவும் வேனும் மளமளவென்று வந்து முட்டிக்கொண்டு நின்றன. பெரியப்பாவின் முகத்தில் லாட்டரி அடித்த மாதிரி ஒரு சிரிப்பு. "பாத்தியா?" என்றார் பெரியம்மாவிடம். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அப்படிச் சிரித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பார்க்காத முடிவைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. மறுநாள் தெருவில் படக்கதையை முழுசாகச் சொல்வார். முடிவைத் தானாகவே போட்டுக்கொள்வார். அவர் போடுகிற முடிவில் வில்லன் சாக மாட்டான். கதாநாயகியின் அப்பாவோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவான். "இன்னா நைனா, அவன சுட்டுட்டாங்களே" என்று படம் பார்த்த யாராவது மடக்கினால், "சுட்டா இன்னா? பொழச்சிக்கினான். நீ சரியா பாக்கல" என்பார். பார்த்தவனுக்கே சந்தேகம் வந்துவிடும். அவர் சொன்ன முடிவுதான் நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு.

என் கல்யாணத்தில் அவர் செய்த கூத்தை அம்மா இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறாள். விடிகாலை முகூர்த்தம். தாலித் தட்டு எல்லாரிடமும் சுற்றி வந்தபோது இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தன் கையிலிருந்த அட்சதையை அப்படியே அம்மாவின் கையில் கொட்டினார். "எம் பங்கையும் நீயே போட்ரு மா. காலைல கேட்டு போட்டா அவ்ளோதான், ஒண்ணும் வேலைக்காவாது." கெட்டிமேளம் கொட்டும்போது ஆள் இல்லை. வீடியோவில் தேடிப் பார்த்தால் ஓர் ஓரத்தில் தாம்பூலப் பையோடு வாசலைத் தாண்டுகிற முதுகு மட்டும் இருக்கிறது. எனக்கு வந்த ஆசீர்வாதத்தில் பெரியப்பா பங்கு அம்மாவின் கை வழியாக வந்ததுதான்.

இப்படி ஒருவர் இருந்தால் ஜனங்கள் காரணம் தேடுவார்கள். கேட்டில் என்னவோ நடந்திருக்கும், யாரோ போயிருப்பார்கள், அதனால்தான் மனிதர் பயப்படுகிறார் என்று தெருவில் ஆளுக்கொரு கதை. நானும் பெரியம்மாவிடம் கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாரும் இத்தயே கேக்குறீங்க. கேட்டுல யாரும் சாவல, யாரும் பொறக்கல. அந்தாளு கொணம்டி அது. சும்மா போட்டு நோண்டாத."

எனக்குக் கொஞ்சம் புரிந்தது ஒரு மத்தியானம். நான் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்குள் நுழைவதற்காகக் கன்டெய்னர் லாரிகள் திருவொற்றியூர் கடற்கரைச் சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றன. பெரியப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் போனோம். லுங்கியைக் கட்டிக்கொண்டு, லாரியின் பக்கக் கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். வண்டிக்கு அடியில் பாய் விரித்திருந்தது. கயிற்றில் பனியன் காய்ந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து எங்களுக்கு ஸ்டவ்வில் டீ போட்டுக் கொடுத்தார்.

"எப்ப பெரியப்பா நகரும்?"

"யாருக்குத் தெரியும்? நேத்து அந்தக் கம்பத்தாண்ட நின்னுகினு இருந்தேன். இன்னிக்கு இந்தக் கம்பத்தாண்ட கீறேன். முன்னேற்றம்தான்."

"இங்க இவ்ளோ பொறுமையா இருக்கீங்க. கேட்டுல மட்டும் கொஞ்ச நேரம் நிக்க மாட்டேங்கிறீங்களே?"

டம்ளரை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பாப்பா, இது கம்பெனி நேரம். இங்க நான் நகரலன்னா யாரும் என்னக் கேக்க முடியாது. போனா போவுது. அங்க நிக்கிறது எந் நேரம். மாசத்துல ஒரு நாளோ ரெண்டு நாளோதான் கையில கெடைக்குது. அத்தயும் எதுக்கு நான் ரயிலுக்காரனுக்குக் குடுக்கணும்?"

பிறகு சாப்பாட்டைத் திறந்தார். "நின்னு நின்னு மரத்துப் போச்சு பாப்பா" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். நாங்கள் கிளம்பும்வரை அந்த வரிசை ஓர் அடிகூட நகரவில்லை.

நியாயம் புரிந்தது, சரி. ஆனால் அந்த நியாயத்துக்குப் பெரியம்மா கொடுத்த விலை இருக்கிறதே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பெரியம்மா பிறந்து வளர்ந்தது ராயபுரத்தில். பின்வீட்டு மாடியில் நாலு ஆங்கிலோ இந்தியப் பையன்கள் கிடாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு சாயங்காலமானால் கூரையைப் பிய்ப்பார்கள். தெருவே திட்டும். பெரியம்மா மட்டும் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் கொல்லையில் உட்கார்ந்து கேட்பாள். அந்தப் பையன்கள் சொந்தமாக ஒரு பாட்டு போட்டார்கள். கிடார் கப்பல் சங்கு மாதிரி ஊதித் தொடங்கும். அதனால் எங்கள் வீட்டில் அதற்குக் கப்பல் பாட்டு என்று பெயர். "ஆரம்பிப்பானுங்க. நல்லா போய்கினே இருக்கும். ஒரு எடத்துல வந்து நின்னுடும். சண்ட போட்டுப்பானுங்க, சிரிப்பானுங்க, மறுபடியும் மொதல்லேர்ந்து வருவானுங்க" என்பாள். அவர்களுக்கு முடிவு கிடைப்பதற்குள் இவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

அந்த நாலு பேரும் பிறகு பெரிய ஆளானார்கள். ஊர் ஊராகப் போய் ராக் கச்சேரி செய்தார்கள். தலை நரைத்த பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கல் முடிந்து, துறைமுகம் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் மேடை போட்டு வாசிப்பார்கள். கடைசிப் பாட்டு எப்போதும் கப்பல் பாட்டுதான். பெரியம்மாவுக்கு அதில் ஒரு வார்த்தைகூடப் புரியாது. "அர்த்தம் எதுக்குடி? அடிவயித்துல தொம்முனு வந்து விழுதுல்ல, அது போதும்" என்பாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்று ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும்.

பெரியப்பாவுக்குத் தெரிந்த டிரம் டீசல் டிரம்தான். இருந்தாலும் ஒரு வருஷம்கூட அவளை அழைத்துப் போகாமல் இருந்ததில்லை. அதற்காகக் கம்பெனியில் சண்டை போட்டு லீவு வாங்குவார். வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, வண்டியை வெளியே போகிற திசை பார்த்து நிறுத்தி, ஓர நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண் மேடையிலும் ஒரு கண் ரோட்டிலுமாக இருப்பார். பாடகர் தண்ணீர் குடித்து, துண்டால் முகத்தைத் துடைத்து, மைக் போட்டவருக்கும் லைட் போட்டவருக்கும் நாற்காலி போட்டவருக்கும் நன்றி சொல்லத் தொடங்கினால் அடுத்தது கப்பல் பாட்டு. இவர் எழுந்துவிடுவார்.

ஒரு வருஷம் நானும் அம்மாவும் பக்கத்தில் இருந்தோம். அன்றைக்குப் பெரியம்மா எழவில்லை.

"யோவ், ஒரே ஒரு பாட்டுய்யா. இத்தக் கேக்கத்தான்யா வந்தேன்."

"அடுத்த வருசம் கேட்டுக்கலாம். வாம்மே."

"போன வருசமும் இத்தத்தான் சொன்ன."

"சொன்னேன்ல? இந்த வருசம் கூட்டினு வந்தனா இல்லியா?"

பெரியம்மா நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பா வெளியே போனார். கிடார் சங்கு ஊதியது. சுவருக்கு அந்தப் பக்கம் பைக் உறுமியது. மறுபடி உறுமியது. மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மாவுக்கு மானம் போய்விட்டது. "இந்தாளு கையில மாட்டி என் ஜென்மமே பேஜாராப் போச்சுடி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க உக்காருங்க பெரியம்மா. நான் அப்புறம் கூட்டிட்டு வந்து விடுறேன்" என்றேன்.

"அந்தாளு தனியா போவாருடி" என்று சொல்லிவிட்டுப் போயேவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பாட்டை நானும் ஒழுங்காகக் கேட்கவில்லை.

மறுநாள் போனில் அந்தப் பாட்டைத் தேடிக் கொடுத்தேன். யாரோ கூட்டத்திலிருந்து எடுத்தது. படம் ஆடிக்கொண்டே இருந்தது. பெரியம்மா கொஞ்சம் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "கெடக்கட்டும். நேர்ல கேட்டுக்கறேன். இதுல கேட்டா வயித்துல அடிக்கல."

போன மழைக்காலத்தில் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். "எப்பவும் மாரி முன்னாடியே கெளம்பிட்டாரு." முதல் ஆள் சொன்னபோது அழுகை வந்தது. அப்புறம் கேட்கக் கேட்கச் சலித்துப்போய் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

சுடுகாடு கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. எங்களில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவோம். போனவர்கள் குளித்துவிட்டுத் திரும்பி வந்தபோது வெகு நேரமாகிவிட்டிருந்தது. பெரியம்மா யாரிடமும் வேறெதுவும் கேட்கவில்லை. என் தம்பியைக் கூப்பிட்டு, "கேட்டு தொறந்து இருந்துச்சா?" என்று கேட்டாள்.

தம்பி ஒரு நொடி என்னைப் பார்த்தான். "தொறந்துதான் பெரிம்மா இருந்துச்சு" என்றான்.

பொய். கூட்ஸ் வண்டி குறுக்கே நின்றிருக்கிறது. மேளக்காரர்கள் அடித்து அடித்துக் கை சோர்ந்துபோய் நிறுத்திவிட்டார்கள். ஆயுசு முழுக்க அந்தக் கேட்டுக்குத் தப்பித்து ஓடியவர், வாடிய மாலைகளோடு லாரிகளுக்கு நடுவில் நின்றிருக்கிறார். தம்பி என்னிடம் தனியாகச் சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை.

இந்தப் பொங்கலுக்கு அந்த நாலு கிழவர்களும் இதுதான் கடைசிக் கச்சேரி என்று சொல்லிவிட்டார்கள். பெரியம்மா வரமாட்டேன் என்றாள். துக்கம் நடந்த வீடு, ஊர் பேசும் என்றாள். அம்மா விடவில்லை. "இத்தினி நாளா அவரு விடல. இப்ப ஊரு விடலியா? வாக்கா." எங்கள் தெரு ஆட்டோக்காரர் பாயைப் பேசி, போய்வர அவர் வண்டியிலேயே ஏற்பாடு. இந்தத் தடவை கடைசிவரை அவளை உட்கார வைத்தே தீருவது என்று நானும் அம்மாவும் எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம். அவளுக்கு ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம்.

அன்றைக்கு எனக்கு உடம்பில் தெம்பே இல்லை. வேலையிலிருந்து நேரே வந்திருந்தேன். கொசு, மீன் துறைமுக நாற்றம், முதுகில் குத்துகிற பிளாஸ்டிக் நாற்காலி. மேடையில் பாட்டைவிடப் பொன்னாடைதான் அதிகம். ஒவ்வொரு பிரமுகராக வந்து நாலு பேருக்கும் போர்த்தி, பேசி, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். டிரம்ஸ்காரர் இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தார். பாடகர் பாதிப் பாட்டுகளை ஸ்டூலில் உட்கார்ந்துதான் பாடினார். "எங்களால முடியலப்பா. முட்டி போயிருச்சு. கீழ பாக்குறேன், உங்களுக்கும்தான் போயிருச்சு" என்று மைக்கில் சொன்னார். மைதானம் சிரித்தது. பெரியம்மாவும் சிரித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பாடகர் தண்ணீர் குடித்தார். முகம் துடைத்தார். நாற்காலி போட்டவர்வரை எல்லாருக்கும் நன்றி சொன்னார். கிடார் சங்கு ஊதியது. அடிவயிற்றில் தொம்மென்று விழுந்தது. பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

கொஞ்ச நேரம்தான். பெரியம்மா கண்ணைத் திறந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். கால் தானாகச் செருப்பைத் தேடியது. தலை ரோட்டுப் பக்கம் திரும்பியது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எழுந்துவிட்டாள்.

"கெளம்புங்க. கேட்டு போட்ருவான்."

"ஐயோ பெரியம்மா, இதுக்குத்தானே வந்தோம்! உக்காருங்க!"

"கைய வுடுடி."

"யாருக்கா உன்ன வெரட்டுறாங்க?" என்று அம்மா கிட்டத்தட்ட அழுதாள். பெரியம்மா காதில் வாங்கவில்லை. வரிசையில் இருந்த முழங்கால்களை எல்லாம் இடித்துக்கொண்டு போனாள். நாங்கள் திட்டு வாங்கிக்கொண்டே அவள் பின்னால் ஓடினோம்.

வெளியே ஆட்டோவில் சாய்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்த பாய் திகைத்துப்போனார். "இன்னாமா, அதுக்குள்ள வந்துட்டீங்க? பாட்டு ஓடிக்கினு கீதே!"

"எடு பாய்."

ஆட்டோ கிளம்பியது. பாட்டு எங்கள் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தது. திருப்பத்தில் லாரிச் சத்தம் அதை விழுங்கிவிட்டது. செத்துப்போன மனிதரின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஆள் போன பிறகும் இவளை உட்கார விடவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

கேட் திறந்திருந்தது. தாண்டினோம்.

"நிறுத்து பாய்" என்றாள் பெரியம்மா. அதே டீக்கடை. இறங்கி, வந்த பக்கமே திரும்பி நின்றாள். நாங்களும் பக்கத்தில் போய் நின்றோம். மணி அடித்தது. கேட் இறங்கியது. அந்தப் பக்கம் பைக்கும் வேனும் வந்து வந்து நின்றன. 'பாத்தியா' என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு அவர இங்க நிறுத்திட்டானுங்க இல்ல?" என்றாள்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "ஆமா பெரியம்மா."

"தெரியும்." அதன் பிறகுதான் உடைந்தாள். "இத்தினி வருசமா அந்தாளத் திட்டுனேன்டி. என் பாட்டக் கெடுத்தான், என் பாட்டக் கெடுத்தான்னு வூடு வூடா சொன்னேன். இன்னிக்கு யாருடி என்ன எழுப்புனா? நானாத்தான எழுந்தேன்!"

அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "கடைசிவரைக்கும் அது எப்படி முடியும்னு தெரியாமலே போயிடுச்சே பெரியம்மா" என்றேன்.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். "யாரு சொன்னா தெரியாதுன்னு? வருசா வருசம் இங்கதான் முடிப்பாரு. இதே எடத்துல. வண்டி டேங்குல கையால தட்டிக் காட்டுவாரு. ஒவ்வொரு வருசமும் வேற மாரி. தாளமும் கெடயாது, ஒரு எழவும் கெடயாது. 'இப்டிலாம் முடியாதுய்யா'ன்னா, 'நீ சரியா கேக்கல, இப்டித்தான்'ம்பாரு."

பாய் எல்லாருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தார். பெரியம்மா தன் கிளாஸை ஆட்டோவின் சீட்டில் வைத்தாள். வலது கையை விரித்து ஆட்டோவின் தகரத்தில் தட்டினாள். டும். டும். கொஞ்சம் யோசித்து, இரண்டு கையாலும் டுடும் டுடும் என்று வேகமாக ஒரு சுற்று. கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஹாரன்கள் கத்தின. கூட்ஸ் வண்டி வந்து குறுக்கே நின்றது. பெரியம்மா கடைசியாக ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"அவ்ளோதான். முடிஞ்சிச்சு. டீயக் குடிங்க."